இருபது நிமிட வேலை

என் உத்தியோகத்தில் பாதி நேரம் காத்திருப்பதுதான். திரையில் ஒரு கோடு பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை நகரும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சம்பளம் தருவார்கள். விசிட்டிங் கார்டில் சர்வீஸ் இன்ஜினியர். ஊரில் ‘கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற பையன்’. இப்போது தலை நரைத்துவிட்டதால் பையன் ‘சார்’ ஆகிவிட்டான். கோடு மட்டும் அன்றைக்கு நகர்ந்த அதே நிதானத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஆபீஸ் திண்டிவனத்தில். செஞ்சி, வல்லம், அவலூர்பேட்டை, மேல்மலையனூர் பக்கம் எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். செஞ்சிக்கு ரயில் கிடையாது. திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, ஃபிளாப்பிப் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு போவேன். பக்கத்து சீட்டுக்காரர் ‘மருந்துப் பெட்டியா தம்பி?’ என்பார். ஆமாம் என்றால் பேச்சு முடிந்துவிடும். இல்லை என்றால் கூட்ரோடு வரை விளக்க வேண்டியிருக்கும்.

நான் சொல்லப்போவது செஞ்சி காந்தி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு கடன் ஆபீஸைப் பற்றி. பெயர் வேண்டாம். நெல்லைக் ‘கமிட்டி’யில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், போட்டுவிட்டு வருகிறவர்கள் அங்கே பயிர்க்கடனைக் கட்டுவார்கள், நகையை மீட்பார்கள், பத்துப் பதினைந்து நாளில் அதே நகையை மறுபடி வைப்பார்கள். தை, மாசியில் வரிசை தெருவில் நிற்கும். வெள்ளிக்கிழமை வாரச்சந்தையில் ஆடு விற்ற காசோடு வருகிறவர்களும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இத்தனை பேருடைய கணக்கும் ஒரே ஒரு பெட்டிக்குள் இருந்தது. மேலே விண்டோஸ் என்.டி. 4.0, அதற்குள் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பேரேடு. தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு மாதம் ஒரு முறை, ரெஜிஸ்டர் தபாலில் போகும்.

1999-இல் அந்த ஆபீஸில் ஏ.சி. இருந்தது ஒரே அறையில். மேனேஜர் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருப்பார். சர்வர் குளுகுளுவென்று இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர் அண்ணன், காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தையே பார்ப்பார். ஆயுத பூஜையன்று மானிட்டருக்கு விபூதிப் பட்டை, சி.பி.யு.வுக்குச் சந்தனம், குங்குமம். ஒரு வருஷம் யாருடைய கைத்தாராளமோ, ஃபிளாப்பி டிரைவின் வாய்க்குள்ளேயே சந்தனம் இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டி எடுத்தேன். அண்ணன் அதைக் கீழே போட விடவில்லை. காகிதத்தில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சர்வர் சாவதற்குப் பெரும்பாலும் கரண்ட்தான் காரணம். பம்புசெட்டெல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், நின்றால் ஏறும். யு.பி.எஸ். பாட்டரி வயதானதாக இருந்தால் என்.டி. பாதி வேலையில் நிற்கும். மறுநாள் காலையில் நீலத் திரையும் வெள்ளை எழுத்தும். அப்போது ஓ.எஸ். போடுவது ஒரு சடங்கு. அந்த மெஷின் சி.டி.யிலிருந்து எழும்பாது. எனவே முதலில் மூன்று ஃபிளாப்பி, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு சி.டி. பிறகு சர்வீஸ் பேக். பிறகு நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர். டிரைவர் போட்டதும் சர்வீஸ் பேக்கை மறுபடி ஏற்ற வேண்டும், ஏனென்றால் டிரைவர் தன் பங்குக்குப் பழைய கோப்புகளைக் கொண்டுவந்து போட்டிருக்கும். பிரிண்டர் டிரைவர் போட்டால் இன்னொரு முறை. வருஷம் 2000 பிறக்கும்போது எல்லாம் வெடிக்கும் என்ற பயம் வேறு இருந்ததால், அந்த வருஷம் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் பேக் மேல் சர்வீஸ் பேக்காக விட்டுக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாகின் திரை வரும். அதுவரை கவுண்டரில் ஒரு மனிதர் ‘கம்ப்யூட்டர் வரல’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வராத கம்ப்யூட்டர் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பது வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சடங்கிலிருந்து என்னைக் காப்பாற்றியது நியூசிலாந்துக்காரர் ஒருவர். மர்ரே ஹஸார்டு என்பவர் ஆக்லாந்தில் எழுதிய ‘கோஸ்ட்’ என்ற மென்பொருளை 1998-இல் சைமன்டெக் வாங்கிக்கொண்டது. சர்வர் நன்றாக இருக்கும் நாளில் அதன் டிஸ்க் முழுவதையும் ‘இமேஜ்’ என்ற ஒரே கோப்பாகச் சுருக்கி, லேன் வழியாகப் பக்கத்து கம்ப்யூட்டரில் இறக்கிவைத்துவிட வேண்டும். செத்த நாளில் அதே லேன் வழியாகத் திரும்ப ஏற்ற வேண்டும். ஓ.எஸ்., சர்வீஸ் பேக், டிரைவர் எல்லாம் ஒரே மூச்சில் வந்து உட்காரும். அன்றன்றைய கணக்கு தனியாக டேப்பில் இருக்கும். அதைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

இறக்கிவைப்பது எங்கே என்பதுதான் கேள்வி. சர்வரைத் தவிர அங்கே உருப்படியான டிஸ்க் இருந்தது கேஷியரின் கம்ப்யூட்டரில். அதன் டி டிரைவில் வைத்தேன். ஃபோல்டருக்கு ‘பேக்கப்’ என்று பெயர் வைத்தால், இடம் போதாத அன்று முதலில் அதைத்தான் அழிப்பார்கள். இளையராஜா பாட்டை அழிக்க யாருக்கும் மனசு வராது. அதனால் மேல்மலையனூர் அம்மன் பெயரை ஆங்கிலத்தில் வைத்தேன். கோஸ்ட் ஓடுகிற டாஸில் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அங்காளம்மனுக்குக் கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இருந்தாலும் அந்த ஃபோல்டர்மேல் ஒருத்தரும் கை வைக்கவில்லை. பிற்பாடு நான் பார்த்த எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் அந்த அளவுக்கு வேலை செய்ததில்லை.

லேன் என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். கறுப்பு கோஆக்சியல் கேபிள் ஒன்று சர்வரில் தொடங்கி, மேஜை மேஜையாகப் போய், மேனேஜர் அறையில் முடியும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பின்னால் ஒரு ‘டி’ இணைப்பு, இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மூடி. ஒரு மூடி கழன்றால் போதும், மொத்த ஆபீஸும் செத்துவிடும். கேஷியர் காலை நீட்டுகிற ஆள். நாற்காலிக்குக் கீழே இருந்த ‘டி’ அவர் செருப்புக்குப் பழகிவிட்டது. ஓர் இடத்தில் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுக்கம்பியிலும் இன்னொன்றை வெளிவலையிலும் வைத்தால் அந்தப் பக்கத்து மூடி 50 காட்டும். ‘டி’யில் வைத்து அளந்தால் இரண்டு மூடியும் சேர்ந்து 25 காட்ட வேண்டும். 50 வந்தால் ஒரு மூடி ஊரில் இல்லை. ஒன்றும் வராவிட்டால் எலி. செஞ்சியில் நெல் நடமாடாத தெரு இல்லை, எனவே எலி நடமாடாத ஆபீஸும் இல்லை.

25 வந்துவிட்டால் அப்புறம் ஃபிளாப்பி. ஒன்றே ஒன்று, 1.44 மெகாபைட். அதற்குள் டாஸ், நெட்வொர்க் கார்டின் டிரைவர், மைக்ரோசாஃப்டின் டாஸ் நெட்வொர்க் கிளையன்ட், எல்லாவற்றையும் நெருக்கி அடைத்திருப்பேன். டாஸுக்கு இருப்பது 640 கிலோபைட் நினைவகம். கிளையன்ட் தன் பங்கைத் தின்றுவிட்டால் கோஸ்ட் எழுந்திருக்க இடமிருக்காது. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மேலே தூக்கி, இன்னொரு வரியை வெட்டி, அஞ்சாறு கிலோபைட்டைச் சம்பாதிக்க வேண்டும். அந்தச் சம்பாத்தியத்தில் எனக்கு இருந்த பெருமை என் சம்பளத்தில் இருந்ததில்லை. கடைசியாக ‘நெட் யூஸ்’ என்று அடித்து, கேஷியரின் டி டிரைவை சர்வர் கண்ணில் காட்டி, அம்மனைக் கூப்பிட்டால் கோடு நகர ஆரம்பிக்கும்.

இமேஜின் அளவு 900 மெகாபைட். லேனின் வேகம் காகிதத்தில் நொடிக்கு 10 மெகாபிட். நடைமுறையில் 750 கிலோபைட் தேறும். கணக்குப் போட்டால் 20 நிமிடம்.

அந்த 20 நிமிடத்தில் மொட்டை மாடிக்குப் போய் நிற்பேன். அண்ணன் டீ கொண்டுவருவார். கோட்டையின் மூன்று மலையும் தெரியும்: மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி. மொட்டைப் பாறையும் உருண்டைக் கல்லும் வெயிலை வாங்கி அப்படியே ஊருக்குள் திருப்பிவிடும். அண்ணனுக்குக் கோட்டை என்றால் தேசிங்கு ராஜா மட்டும்தான். குதிரை, போர், உடன்கட்டை என்று ஆரம்பித்தால் அந்த ராஜா சாவதற்குள் என் கோடு நூறைத் தொட்டுவிடும். எனக்கு அந்த மலையில் பிடித்தது வேறொரு ராஜா.

சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-இல். பிடித்ததோடு விடாமல் பணத்தைக் கொட்டிச் சுவரைப் பலப்படுத்தினார். மராட்டிய ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் இவ்வளவு செலவு எதற்கு என்று கணக்குப் பிள்ளை யாராவது அப்போது முணுமுணுத்திருப்பார். 1680-இல் சிவாஜி இறந்தார். 1689-இல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார், தலைநகர் ராய்கட் முகலாயர் கைக்குப் போயிற்று. இளையவர் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே ஓடிவந்து ராஜகிரியில் ஏறினார். சபை கூடியது, பதவிகள் பங்கிடப்பட்டன, உத்தரவுகள் இங்கிருந்து போயின. போன தலைநகர் இன்னோர் ஊரில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் முற்றுகை போட்டுக் கோட்டையைப் பிடித்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார். உள்ளே தானியக் களஞ்சியம், வற்றாத சுனை, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறைப் பிளவும் அதன்மேல் மரப்பாலமும். பாலத்தை எடுத்துவிட்டால் நெட்வொர்க் துண்டிப்பு. 12 வருஷப் பழைய ஏற்பாடு, போட்டவர் செத்துப் பல வருஷம், ஒத்திகை பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் முதல் முயற்சியிலேயே எழுந்தது. என் அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

இனி இன்றைக்கு வருவோம். 2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. ஊரில் எல்லோர் நெஞ்சும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அடுத்த மாதம் அந்தக் கடன் ஆபீஸில் சர்வர் படுத்தது.

ஆபீஸ் இப்போது கண்ணாடிக் கதவு, டோக்கன் மெஷின், கிரானைட் கவுண்டர். ஏ.சி. வரிசையில் நிற்கிறவர்களுக்குக்கூட இருக்கிறது. இல்லாத ஒரே இடம் சர்வர் வைத்திருக்கும் அறை. பழைய பேரேடுகள், உடைந்த நாற்காலி, தேர்தல் ஆணையம் எப்போதோ விட்டுப்போன தட்டிகள், இவற்றுக்கு நடுவே ஒரு இரும்பு அலமாரியில் பத்து வயது சர்வர் தானாகவே கொதித்துக்கொண்டிருந்தது. செருப்போடு போனேன். யாரும் காலைப் பார்க்கவில்லை. அந்த அறையின் சாவி எங்கே என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

கணக்கு எதுவும் இப்போது அந்தப் பெட்டிக்குள் இல்லை. எல்லாம் தலைமை அலுவலகத்தின் டேட்டா சென்டரில். செஞ்சியில் இருக்கும் சர்வருக்கு வேலை, காலையில் ஊழியர் லாகின் செய்யும்போது ‘நீ யார்?’ என்று கேட்பது, மாலை வரை பிரிண்டரைப் பார்த்துக்கொள்வது. ஆனால் அது ‘நீ யார்?’ என்று கேட்காவிட்டால் ஒருத்தரும் உள்ளே நுழைய முடியாது. சொத்து முழுவதும் வேறிடத்துக்குப் போன பிறகும் வீட்டை வாட்ச்மேன் பூட்டிவைத்திருக்கிற நிலை.

முதலில் டிக்கெட் போட வேண்டும். போடாமல் திருகாணியைத் தொட்டால் குற்றம். டிக்கெட் போடுகிற பக்கத்துக்குள் போக லாகின் வேண்டும். லாகின் இல்லாததற்குத்தான் டிக்கெட். இளம் மேனேஜர் தன் போனிலிருந்து ஒரு வழியாகப் போட்டுக்கொடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். தேன் மாதிரிக் குரல்.

“சார், சிஸ்டத்தை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?”

“அது ஆஃப் ஆகித்தாம்பா கிடக்கு.”

“ஓகே சார். அப்ப இமேஜ் ரீஸ்டோர்தான். லேன்லயே இருக்கு சார், இருபது நிமிஷ வேலை.”

அவன் சொன்னது சரி. ஃபிளாப்பி, சி.டி., ஒன்றும் வேண்டாம். ஆன் செய்ததும் சர்வரின் நெட்வொர்க் கார்டே லேனில் குரல் கொடுக்கும்: எனக்கு ஒரு முகவரி வேண்டும், எந்தக் கோப்பை வைத்து எழும்புவது என்றும் சொல்லுங்கள். டி.எச்.சி.பி. சேவை இரண்டையும் சொல்லும். டி.எஃப்.டி.பி. அந்தச் சின்னக் கோப்பைக் கொடுக்கும், 512 பைட் ஒரு கவளம், ஒரு கவளம் விழுங்கியதும் ‘ஆச்சு’ என்று சொன்னால்தான் அடுத்தது. அதிலிருந்து ஒரு குட்டி லினக்ஸ் எழுந்து, தைவான்காரர்கள் உருவாக்கிய குளோன்ஸில்லா ஓடி, சேமிப்புப் பெட்டியில் இருக்கும் இமேஜை டிஸ்க்கில் எழுதிவிடும். இந்த யோசனை புதிதல்ல. டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்களை எழுப்ப 1985-லேயே பூட்பி என்று ஒரு முறையை எழுதிவைத்துவிட்டார்கள். அதன் வழியில் இன்டெல் பி.எக்ஸ்.இ. 2.1 வரையறையை வெளியிட்டது 1999-இல். நான் ஃபிளாப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் குலுங்கிய அதே வருஷம்.

ஆன் செய்தேன். கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக ஓடிவிட்டு, ‘பி.எக்ஸ்.இ. - ஈ53: நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்டு’ என்றது. முகவரி கொடுக்க ஆள் இருக்கிறது, கோப்பின் பெயர் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். அதாவது பதில் சொன்னது நம் ஆள் அல்ல. கேஷியர் கம்ப்யூட்டரில் முகவரியைப் பார்த்தேன். ஆபீஸ் முகவரியெல்லாம் பத்தில் தொடங்குபவை, இது 192.168.0 என்று தொடங்கியது. இந்த நம்பர் கடையில் வாங்குகிற வைஃபை ரவுட்டர் கொடுப்பது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் மேனேஜர் அறை. ஷோகேஸில், கோட்டை படம் போட்ட நினைவுப் பரிசுக்குப் பின்னால், இரண்டு கொம்போடு ஒரு வெள்ளைப் பெட்டி.

“போன்ல சிக்னல் சரியா வரல சார், அதான்...” என்றார் மேனேஜர்.

வயரை நீலத் துளையில் செருகியிருந்தால் தொந்தரவில்லை. மஞ்சளில் செருகியிருந்தார்கள். ஆபீஸ் லேனில் யார் முகவரி கேட்டாலும் அந்தப் பெட்டி முந்திக்கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கேஷியர் காலால் உதைத்தால் லேன் செத்துப்போகும். செத்தது உடனே தெரியும். இப்போது லேன் சாவதே இல்லை. உயிரோடு இருந்துகொண்டே தப்பான பதிலைச் சொல்கிறது. இதை அளக்க என் மல்டிமீட்டரில் முள் இல்லை.

வயரைப் பிடுங்கினேன். சர்வர் எழுந்தது, குட்டி லினக்ஸ் வந்தது, சேமிப்புப் பெட்டியின் கதவைத் தட்டியது. பெட்டி பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ஓ.டி.பி. கேட்டது. அது இதற்கு முன்பிருந்த மேனேஜரின் செல்போனுக்குப் போகும். அவர் மாற்றலாகிப் போய் ஆறு மாதமாகிறது. கூப்பிட்டால் ‘நாட் ரீச்சபிள்’. அன்று ஆவணி அமாவாசை. மேல்மலையனூரில் ஊஞ்சல் உற்சவம், மனிதர் குடும்பத்தோடு அங்கே போயிருந்தார். அமாவாசை ராத்திரி லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற ஊரில் டவர் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லும். ஃபோல்டருக்கு அவள் பெயரை வைத்து எட்டெழுத்தில் வெட்டியதை அங்காளம்மன் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காத்திருந்தபோது இளம் மேனேஜருக்கு மெர்ஸ்க் கதையைச் சொன்னேன். உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. 2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற வைரஸ் அதன் கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் போட்டது. ‘நீ யார்?’ என்று கேட்கிற நம் சர்வர் மாதிரி சுமார் 150 சர்வர்கள் உலகம் முழுவதும் இருந்தன. ஒன்றில் மாறினால் எல்லாவற்றிலும் மாறும், எனவே ஒன்று போனாலும் மற்றவை இருக்கும் என்று தனியாக நகல் வைக்கவில்லை. ஒரே சமயத்தில் எல்லாம் போயிற்று. தேடித் தேடி ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் ஒன்றே ஒன்று பிழைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காரணம் கரண்ட் கட். வைரஸ் வந்த நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லாததால் அந்த சர்வர் லேனில் இல்லை. அதிலிருந்ததை இன்டர்நெட்டில் அனுப்பலாம் என்றால் அந்த ஊர் வேகத்துக்கு நாள்கணக்கில் ஆகும். கானா ஊழியர் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. ஆகவே ஒருத்தர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்தார், அங்கே இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் பறந்தார். அதை வைத்துத்தான் கம்பெனியை எழுப்பினார்கள். பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர். 2012-இல் விழுப்புரம் மாவட்டத்தில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, எவ்வளவு பெரிய பாதுகாப்பு ஏற்பாட்டுக்குள் வாழ்ந்திருக்கிறோம் என்றேன். மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எமர்ஜென்ஸி விளக்கில் படித்தவராம்.

ராத்திரி பத்தரைக்கு ஓ.டி.பி. வந்தது. அதன் ஆயுள் ஐந்து நிமிடம். எங்களை வந்தடைந்தபோது மூன்று மீதி இருந்தது. போட்டேன். கோடு நகர ஆரம்பித்தது.

இமேஜ் 120 ஜிகாபைட். லேன் இப்போது நொடிக்கு ஒரு ஜிகாபிட். நடைமுறையில் 100 மெகாபைட் தேறும். 20 நிமிடம். கம்பி நூறு மடங்குக்கு மேல் வேகமாயிற்று, சுமையும் அதற்குச் சரியாகக் கனத்துவிட்டது. 1999-இல் அந்த 900 மெகாபைட்டில் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் கடனை நடத்தத் தேவையான அத்தனையும் இருந்தது. இந்த 120 ஜிகாபைட்டில் என்ன இருக்கிறது என்று இதைத் தயாரித்தவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்கான சேவை ஒன்றும் உள்ளே இருந்தது. சம்சாரி ஒருத்தரின் நகைக்கடனுக்கு அது எந்த விதத்தில் தேவைப்படும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன்.

நூறு சதவீதம். சர்வர் எழுந்தது. மேனேஜர் கை கொடுத்தார். நான் கையை இழுத்துக்கொண்டு, கேஷியர் கம்ப்யூட்டரில் லாகின் போடச் சொன்னேன். ‘இந்தக் கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது’ என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சர்வரும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கும். 30 நாளைக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் அதை மாற்றிச் சர்வரிடம் சொல்லும். இமேஜ் எடுத்தது மார்ச் மாதத்தில். அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. எடுத்ததைப் போட்டும் பார்க்கவில்லை, அறிக்கையில் மட்டும் மாதாமாதம் ‘பேக்கப்: சக்ஸஸ்’ என்று பச்சையில் வந்திருக்கிறது. ஆகவே சர்வர் மார்ச்சில் எழுந்து உட்கார்ந்திருந்தது, ஆபீஸ் ஆகஸ்டில் இருந்தது. மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் விலக்கி, மறுபடி சேர்த்து, ரீஸ்டார்ட் செய்து, அடுத்த மேஜை. பொழுது விடிகிற நேரத்துக்குக் கடைசிப் பிரிண்டர் டெஸ்ட் பேஜ் துப்பியது.

ஆக, என்.டி. காலத்தில் ஒரு பகல் பிடித்த வேலை இப்போது ஒரு பகலும் ஒரு ராத்திரியும். நடுவில் இருக்கிற 20 நிமிடத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

கூட்ரோட்டில் டீ குடித்துவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து மெசேஜ் வந்தது. ‘தங்களிடமிருந்து நான்கு மணி நேரமாகப் பதில் இல்லாததால் தங்கள் டிக்கெட் தானாக முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ முடிந்த நேரம் நேற்று மாலை 6.40 என்று போட்டிருந்தது. அதன்படி பார்த்தால் 6.40-க்கு மேல் நான் சர்வரைத் தொட்டதற்கு எந்த டிக்கெட்டும் இல்லை. பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அதனாலென்ன சார், புதுசா ஒரு டிக்கெட் போட்டுடுங்க,” என்றான். “பிரச்சினை என்னன்னு கேட்டா, சர்வர் வேலை செய்யுதுன்னு போடுங்க.”